பீரங்கிப் படைக்குப் போன சடையன்

ஒரு பாளையத்தில் சடையன் என்றொரு குடியானவன் இருந்தான். அவனுக்குக் காது மந்தம். பேசுகிறவர் உதட்டைப் பார்த்தே பதில் சொல்லிவிடுவான். தம்பி மொக்கையன் படையில் சேர்ந்து ஈட்டியும் கையுமாகத் தெருவில் நடந்ததைப் பார்த்ததிலிருந்து அவனுக்கு வயிறு எரிந்தது. தானும் சேரக் கோட்டைக்குப் போனான்.

அண்ணன் சேர்ந்தால் தன் மவுசு போய்விடும் என்று தம்பி பயந்தான். "இவனுக்குக் காது கேட்காது, எசமான்," என்று பீரங்கித் தளபதியிடம் போட்டுக் கொடுத்தான்.

பாளையக்காரர் பக்கத்திலேயே இருந்ததால் தளபதி மீசையை முறுக்கிக்கொண்டார். "திரும்பி நில்லடா! முதுகுக்குப் பின்னால் நான் பேசுவேன். பதில் சொன்னால் வேலை, இல்லாவிட்டால் சவுக்கடி."

சடையன் அவரைக் கவனித்தான். அவர் கண்ணும் பேசுகிறவர் உதட்டிலேயே இருந்தது.

"எப்படி நிக்கணும்னு ஒரு தடவை காட்டுங்க சாமி."

தளபதி விறைப்பாகத் திரும்பி நின்றார்.

"காலடியில பாம்பு!" என்று கத்தினான் சடையன். சிப்பாய்கள் எல்லோரும் துள்ளி ஓடினார்கள். தளபதி மட்டும் அசையவில்லை.

பாளையக்காரர் விழுந்து விழுந்து சிரித்தார்.

"பீரங்கிப் பக்கத்துல நின்னா எல்லாருக்கும் காது போயிடுது மகாராசா. எனக்குப் போறதுக்கு ஒண்ணுமில்ல," என்றான் சடையன்.

அன்றே அவனைப் பீரங்கிப் படையில் சேர்த்துக்கொண்டார்கள். ஈட்டிக்காரனைவிட அது பெரிய வேலை. தம்பி அன்று சோற்றைத் தொடவில்லை.