மஞ்சள் பூசிய கோடு

ராஜாக்களுக்கு வேலை கம்மியாகவும் சட்டம் ஜாஸ்தியாகவும் இருந்த காலம். அப்போது நெடுங்கரை என்று ஒரு நாடு. நடுவில் கேள்வி கேட்காமல் கேளுங்கள், சீக்கிரம் முடித்துவிடுகிறேன்.

அந்த நாட்டுப் பள்ளிக்கூடத்தில் ஒரு கல்தூண். தூணில் ஒரு கோடு. ஒரு பெண்ணின் உச்சந்தலை அந்தக் கோட்டைத் தொட்டால் படிப்பு முடிந்தது, அடுத்த முகூர்த்தத்தில் கல்யாணம். பையன்களுக்குக் கோடு கிடையாது. தாடி முளைத்த பிறகும் வகுப்பில் உட்கார்ந்து தூங்கலாம்.

கோட்டைப் போட்டது யார், எதற்குப் போட்டார்கள், யாருக்கும் தெரியாது. தெரியாததால் மஞ்சள் பூசிக் கும்பிட்டார்கள்.

செக்காட்டுகிறவர் மகள் செங்கமலத்துக்குப் படிப்பை விட மனசில்லை. ஆனால் உடம்பு சொன்ன பேச்சைக் கேட்காமல் வளர்ந்தது.

முதல் வருஷம் பாவாடைக்குள் முழங்காலை மடக்கி நின்றாள். அளவுக்காரர் சோணாசலம், "நாலு விரல் குறையுது" என்று போய்விட்டார்.

இரண்டாம் வருஷம் தூணடியில் மண்ணைத் தோண்டி வைத்து அதில் நின்றாள். "என்னம்மா, போன வருஷத்தைவிடக் குட்டையாயிட்டே?" என்றார் சோணாசலம்.

"கவலைதாங்க" என்றாள்.

மூன்றாம் வருஷம் தரைக்குக் கல் பாவிவிட்டார்கள். ராஜாவும் ராணியும் நேரில் வந்துவிட்டார்கள். மாப்பிள்ளை வீட்டார் தாம்பூலத் தட்டோடு வாசலில் நின்றார்கள். கல்லில் வெட்டிய பழைய எழுத்தை வாத்தியார் அப்போதுதான் பாதி நடத்தியிருந்தார். மீதியும் படித்தால்தான் அரண்மனையில் கல்வெட்டு வாசிக்கிற வேலை கிடைக்கும். செங்கமலம் அதற்குத்தான் இத்தனை பாடுபட்டாள்.

பாவாடைக்குள் மறுபடி மடக்கியிருந்த முழங்காலில் சோணாசலம் கோலால் ஒரு தட்டுத் தட்டினார். நிமிர்ந்துவிட்டாள். தலை கோட்டைத் தாண்டி நின்றது.

"போயிட்டு வாம்மா" என்றார் ராஜா.

போவதற்கு முன் அந்தக் கோட்டை ஒரு தடவை முறைத்துவிடலாம் என்று செங்கமலம் திரும்பினாள். அதுவரை அளக்க வந்த பெண்கள் எல்லாரும் தூணுக்கு முதுகைக் காட்டித்தான் நின்றிருந்தார்கள். இவள் கண்ணுக்கு நேராகக் கோடு. கோட்டுக்குக் கீழே, மஞ்சளுக்குள், என்னவோ வெட்டியிருந்தது. நகத்தால் சுரண்டினாள்.

"ஐயோ, சாமி குத்தம்" என்று சோணாசலம் ஓடி வந்தார்.

"இருங்க, படிச்சிட்டிருக்கேன்" என்றாள். பிறகு சத்தமாக வாசித்தாள்: "விளக்கு மாட்ட இங்கே துளை போடுக."

ராஜா வாத்தியாரைப் பார்த்தார். வாத்தியார் கிட்டே வந்து பார்த்துத் தலையாட்டினார்.

"முப்பது வருஷமா இதே தூணில்தானேய்யா சாய்ஞ்சு உட்கார்ந்தீர்?"

"முதுகுக்குப் படிக்கத் தெரியாதே, மகாராஜா."

மாப்பிள்ளை வீட்டார் தட்டோடு மெல்ல நழுவினார்கள். ராஜா தாடையைச் சொறிந்தார். "சரி, கொத்தன் போட்ட கோடாகவே இருக்கட்டும். பழக்கம்னு ஒண்ணு இருக்கே?"

"கல்யாணக் கோடுன்னே எழுதியிருந்தாலும் நான் போயிருக்க மாட்டேங்க" என்றாள் செங்கமலம். "என் உயரத்துக்கும் என் படிப்புக்கும் என்ன சம்பந்தம்?"



அப்போது ராணி மெதுவாகச் சொன்னாள். "இந்தக் கோட்டைத் தொட்டேன்னு என்னை அனுப்பினப்ப எனக்குப் பத்து வயசு. கொஞ்சம் உயரம் ஜாஸ்தி."

ராணி கிரீடத்தைக் கழற்றி ராஜா கையில் கொடுத்துவிட்டு முன்வரிசையில் போய் உட்கார்ந்தாள். தூங்கிக்கொண்டிருந்த தாடிக்காரன் ஒருவனைத் தள்ளி உட்காரச் சொல்லி, பக்கத்தில் செங்கமலத்தையும் உட்கார வைத்தாள்.

"வாத்தியாரே, படிச்சதெல்லாம் மறந்துபோச்சு, எனக்கு முதல் எழுத்திலேர்ந்து ஆரம்பிங்க."

கதை அவ்வளவுதான், நீதி இது: ஒரு பெண் எதுவரை படிக்க வேண்டும் என்பதை அவள்தான் முடிவு செய்ய வேண்டும்.