திறந்து பார்த்தவள்

"'பன்னிரண்டு வருஷமாச்சு, பத்தாயிரம் பேருக்குப் பயிற்சி கொடுத்தாச்சு, சொந்தமா ஒரு வரி புரோகிராம் எழுத இந்த நாட்டுல ஒருத்தருக்கும் வரலை.' இதைத்தானே போன மாசமும் சொன்னீங்க, அறவாழி? அதுக்கு முந்தின மாசமும் இதுதான். எனக்கு மனப்பாடமே ஆயிடுச்சு."

குருவம்மா வாழைத்தண்டை நறுக்கி, நாரை விரலில் சுற்றி எடுத்துக்கொண்டே சொன்னார். மடத்தில் அன்று அறுபது பேருக்குச் சமையல்.

அறவாழி எதிரே பலகையில் உட்கார்ந்திருந்தார். அந்தச் சின்ன நாட்டின் தகவல் தொழில்நுட்பத் துறைக்குச் செயலாளர். குருவைவிடப் பத்து வயது மூத்தவர். ஆனாலும் வெள்ளிக்கிழமை தவறாமல் வந்து அவர் காலடியில் உட்காருவார்.

"கேலி பண்ணாதீங்க அம்மா. என் ஆயுளே இதுல போச்சு. இந்த நாடும் மத்த நாடுங்க மாதிரி நிமிர்ந்து நிக்கணும்னுதான் ஆரம்பிச்சேன்."

"அது சரி. கையில என்ன காகிதம்?"

"ஒரு பெண்ணை வேலையை விட்டு நீக்குற உத்தரவு. நாலு மணிக்குள்ள கையெழுத்துப் போட்டு அனுப்பணும். மனசு சரியில்லை. அதான் வந்தேன்."

"என்ன செஞ்சா அவ?"

"தில்லைநாயகின்னு பேர். எங்க சர்வர் அறையில வேலை. தொடக் கூடாததைத் தொட்டுட்டா."

"நெருப்பையா?"

"ரேஷன் கடைக் கணக்கை ஓட்டுற மென்பொருளை. வெளிநாட்டுக் கம்பெனி செஞ்சு கொடுத்தது. நாங்க ஓட்டலாம், உள்ளே திறக்கக் கூடாது. ஒப்பந்தம் அப்படி. ஏதாவது கோளாறுன்னா அவங்களைக் கூப்பிடணும். அவங்க அங்கிருந்தே சரிபண்ணுவாங்க."

"அதுவரைக்கும் உங்க ஆளுங்க?"

"பார்த்துக்கிட்டு இருப்பாங்க."

குருவம்மா அடுத்த தண்டை எடுத்தார்.

"கோளாறு எப்படி வந்தது?"

அறவாழி தொண்டையைக் கனைத்துக்கொண்டார். "ஆயுத பூஜை அன்னைக்கு சர்வர் எல்லாத்தையும் அணைச்சுச் சந்தனம் குங்குமம் வைக்கிறது வழக்கம். சர்வருக்கு ஒண்ணா எலுமிச்சம்பழம். வாசல்ல பூசணிக்காய். சாயங்காலம் திரும்பப் போட்டா வரவே இல்லை. கம்பெனியைக் கூப்பிட்டோம். அவங்களுக்கும் ஏதோ விடுமுறை. நாலு நாள் காத்திருக்கச் சொன்னாங்க. நாடு முழுக்க ரேஷன் கடை மூடிக் கிடந்தது."

"அவ காத்திருக்கலை."

"அந்த ராத்திரியே திறந்துட்டா. பூஜையில வைச்சதை அப்படித் தொடலாமான்னு மத்தவங்க கத்தியிருக்காங்க."

"வருஷம் முழுக்கத் தொடக் கூடாது, பூஜை அன்னைக்கும் தொடக் கூடாது. அப்ப என்னைக்குத்தான் தொடறது?"

அறவாழி கையிலிருந்த காகிதத்தை மடித்துப் பிரித்தார்.

"திறந்தாளே, ஓடிச்சா?"

"மறுநாள் மத்தியானம் ஓடிடுச்சு. கடையெல்லாம் திறந்தாச்சு. ஆனா ஒரு தாலுகாவோட கணக்கு அழிஞ்சு போச்சு. ஆயிரத்து நூறு கார்டு. அது அவ தப்புதான், அவளே ஒத்துக்கிட்டா."

"அழிஞ்சதை யார் திரும்பப் போட்டது?"

"அவதான். பழைய பதிவேட்டை வைச்சுக்கிட்டு மூணு நாள் வீட்டுக்கே போகலை."

"இனிமே அப்படி அழியுமா?"

"அவ இருந்தா அழியாது" என்றார் அறவாழி.

சொல்லிவிட்டுக் கையில் இருந்த தாளைப் பார்த்தார்.

குருவம்மா அரிவாள்மணையைப் படுக்க வைத்தார்.

"உள்ளே போய் அவ எழுதினாளே, எத்தனை வரி இருக்கும்?"

"நானூறு இருக்கும்."

"ஓ" என்றார் குருவம்மா.

அடுப்பில் சாம்பார் கொதித்தது. எழுந்து போய்க் கிளறிவிட்டு வந்தார்.

"நான் என்ன செய்யட்டும், அம்மா? அவளை நீக்கலைன்னா ஒப்பந்தத்தை ரத்து பண்ணுவோம்னு கம்பெனி எழுதியிருக்கு. அவங்க போனா இங்கே யார் இருக்கா?"

"அந்தப் பெண் இனி சாப்பாட்டுக்கு என்ன பண்ணுவா?"

அறவாழியின் முகம் கொஞ்சம் தெளிந்தது. "அதுல ஒரு நல்லது நடந்திருக்கு. அதே கம்பெனி அவளுக்கு வேலை கொடுக்குது. அவங்க ஊர்லயே. நேத்துதான் கடிதம் வந்தது. ஒரு பெண்ணோட பிழைப்பு கெடக் கூடாதுன்னு பெருந்தன்மையா..."

குருவம்மா சிரித்தார். சிரிப்பு சீக்கிரம் நின்றுவிட்டது.

"என்னம்மா?"

"பன்னிரண்டு வருஷமா நீங்க தேடினது, அவங்களுக்கு ஒரே வாரத்துல கிடைச்சிடுச்சு. திறந்தது யாருன்னு பேர், விலாசத்தோட அவங்களுக்கு எழுதிக் கொடுத்ததும் நீங்கதான்."

அறவாழியின் விரல் தாளின் ஓரத்தைத் தடவிக்கொண்டே இருந்தது. வெளியே துறையின் ஜீப் நின்றது. பின்சீட்டில் தில்லைநாயகி. போவதற்கு முன்னால் குருவம்மாவிடம் ஆசி வாங்க வேண்டும் என்று அவளாகவே கேட்டுக் கூட வந்திருந்தாள். உள்ளே கூப்பிடும்வரை வெளியிலேயே இருக்கச் சொல்லியிருந்தார் அறவாழி.

"கையெழுத்துப் போடாம இருந்துடட்டுமா?"

"போடாம இருந்தா அவ இருந்துடுவாளா?"

"பின்னே?"

"அவகிட்டயே போய்க் கேளுங்க."

"நானா? நான் செயலாளர் அம்மா. அவ உதவிப் பொறியாளர்."

"உத்தரவு போட்டுப் போட்டுக் கை பழகிடுச்சு உங்களுக்கு. பத்தாயிரம் பேர்ல ஒருத்தர்கிட்டயாவது, உனக்கு என்ன வேணும்னு கேட்டிருக்கீங்களா?"

அறவாழி எழுந்தார். தாளும் பேனாவும் கையிலேயே இருந்தன. வாசல்வரை மெதுவாகப் போனார். அங்கிருந்து ஜீப்வரை கிட்டத்தட்ட ஓடினார்.

தில்லைநாயகி அவசரமாக இறங்கி நின்றாள். முப்பது வயதிருக்கும். கண்ணின் கீழ் கறுத்திருந்தது.

"அந்த வேலைக்குப் போகாதே அம்மா" என்றார் அறவாழி. "இங்கேயே இரு."

அவள் அவரை நிமிர்ந்து பார்த்தாள்.

"இருந்து என்ன சார் செய்யறது? அடுத்த தடவை சர்வர் நின்னா, கம்பெனிக்கு போனைப் போட்டுட்டு உட்கார்ந்திருக்கவா?"

"தப்பெல்லாம் நான் பொறுத்துக்கறேன்."

"பொறுத்துக்க வேண்டாம் சார். தப்பு வரும். இன்னும் நிறைய வரும். நாலு பேரை என்கூட உட்கார வைச்சா, அவங்களும் பண்ணுவாங்க. அப்புறம்தான் சொந்தமா எழுத வரும்."

"சரி."

"சரின்னு வாயால சொல்லிட்டுப் போயிடுவீங்க. நாளைக்கு உங்களை மாத்திட்டு வேற ஆள் வருவார்."

அவருடைய கையில் இருந்த உத்தரவை அவள் பார்த்தாள். தன் பெயர் தட்டச்சு செய்யப்பட்டிருந்ததையும் பார்த்தாள்.

"பின்பக்கம் வெறுமையாத்தானே இருக்கு? 'இவங்க திறக்கலாம், இந்த நாட்டுல ஓடுறதை இந்த நாட்டு ஆள் திறந்து பார்க்கலாம்'னு அதுல எழுதி உங்க கையெழுத்தைப் போட்டுக் கொடுங்க சார். நான் இருக்கேன்."

அறவாழி மடத்தின் பக்கம் திரும்பினார். வாசலில் யாரும் இல்லை. உள்ளே குருவம்மா பந்திக்கு இலை போட்டுக்கொண்டிருந்தார்.

பேனாவின் மூடி திறந்தேதான் இருந்தது.

"எழுதிக் கொடுங்க சார்" என்றாள் தில்லைநாயகி மறுபடியும்.