வெள்ளையாய்த் திரிந்த நொதி

ஆவுடையப்பன் சாருக்கு வயது ஐம்பத்து மூன்று. அவருடைய குருவுக்கு முப்பத்தேழு.

பள்ளியில் உயிரியல் நடத்திக்கொண்டே பகுதிநேரமாக ஆராய்ச்சிப் படிப்பில் சேர்ந்தார். அங்கே வழிகாட்டியாக வாய்த்தவள் பேராசிரியர் ரஹ்மத் நிஷா. அவரிடமே ப்ளஸ் டூ படித்தவள். ஆய்வகத்தில் அவர் அவளை மேடம் என்பார், அவள் அவரை சார் என்பாள். யார் யாருக்கு வாத்தியார் என்று புதிதாக வருகிறவர்கள் குழம்பிப் போவார்கள்.

அது ஏழாவது வருடம். வெள்ளிக்கிழமை ஆய்வுக்குழு கூடுகிறது. அதற்குள் அவருடைய நொதி வேலை செய்து காட்ட வேண்டும், இல்லாவிட்டால் பதிவு ரத்து. வீட்டிலோ பெயர்ப்பலகையில் ‘முனைவர்’ என்று எழுதக் கொடுத்தாகிவிட்டது.

திங்கட்கிழமை காலை அவர் ஒரு குழாயைக் கொண்டுவந்து நீட்டினார். திரிந்த பால் மாதிரி உள்ளே வெள்ளைக் கட்டி மிதந்தது.

“மறுபடியும் கட்டிப் போச்சு மேடம். மூணாவது தடவை.”

அவருடைய நொதி எண்ணெயைச் சிதைக்கிற ஒரு புரதம். புரதம் என்பது பாசிமணி கோத்தது போல நீளமான சங்கிலி. தனக்கென்று உள்ள விதத்தில் அது சுருண்டு மடிந்தால்தான் வேலை செய்யும். இதை இருபத்தைந்து வருடமாகப் பிள்ளைகளுக்குக் கரும்பலகையில் வரைந்து காட்டியவர் அவர். அவருக்கே இப்போது அது மடிய மாட்டேன் என்றது.

“மணி வரிசையில ஒரு பிசகு இல்ல. கரைசல்ல பிசகு இல்ல. பிறகு ஏன் மேடம் ஒழுங்கா மடிய மாட்டேங்குது?”

“எப்படிச் செஞ்சீங்க சார்?”

“புரதம் பத்து மில்லி. அதை முப்பது மில்லி கரைசல்ல மொத்தமா ஊத்தி, நல்லா கலக்கி, அரை மணிக்கு ஒரு தடவை எடுத்து எடுத்துப் பாத்தேன்.”

“எடுத்துப் பாத்தீங்களா? எதுக்கு?”

“நல்லாருக்கே! ஒழுங்கா இருக்கான்னு பாக்க வேண்டாமா?”

ஐந்து நிமிடம் வகுப்பை விட்டு வெளியே போனால் கூரை இடிந்து விழும் என்று நம்புகிறவர் அவர். குழாயையும் ஒரு வகுப்பாகவே நினைத்திருந்தார்.

அவர் கட்டியைத் தொட்டியில் கொட்டப் போனார். ரஹ்மத் தடுத்தாள்.

“கொட்டாதீங்க. அதையே கொண்டாங்க.”

கட்டியில் யூரியா சேர்த்தாள். வயலுக்குப் போடுகிற அதே சரக்குதான், கொஞ்சம் சுத்தமானது. ஒட்டிக்கிடந்த சங்கிலிகள் பிரிந்து, வெள்ளை கரைந்து தெளிந்தது. பிறகு இரண்டு லிட்டர் குளிர்ந்த கரைசலை அவர் முன்னால் வைத்தாள்.

“இதுல சொட்டுச் சொட்டா விடுங்க.”

“இவ்வளவு பெரிசுலயா? கடுகைக் கொண்டுபோய்க் குளத்துல போட்ட மாதிரில்லா இருக்கும்!”

“நெருக்கத்துலதான் ஒண்ணோட ஒண்ணு ஒட்டிக்குது. விடுங்க சார்.”

அவர் விட்டார். ஒன்றரை மணி நேரம் ஆயிற்று. தோள்பட்டை விட்டுப்போயிற்று. முடிந்ததும் அவள் குடுவையைக் குளிர் அறையில் வைத்துப் பூட்டி, சாவியைக் கைப்பைக்குள் போட்டுக்கொண்டாள்.

“நான் எப்பம்மா பாக்கறது?” பதற்றத்தில் மேடம் போய்விட்டது.

“நாளைக்குக் காலையில. வாங்க, டீ குடிப்போம்.”

கேண்டீனில் வாழைக்காய் பஜ்ஜி சூடாக இருந்தது. அவருக்கு இறங்கவில்லை. கண் ஆய்வகப் பக்கமே போய்க்கொண்டிருந்தது.

“ஸ்பெஷல் கிளாஸ் ஞாபகம் இருக்கா சார்?” என்று கேட்டாள் ரஹ்மத்.

அவருக்குச் சிரிப்பு வந்துவிட்டது. “மறக்குமா? சுமாராப் படிக்கிற பத்துப் பேரையும் என் மேசையைச் சுத்தி நெருக்கி உட்கார வச்சு டெஸ்ட் வைப்பேன். தவளை இதயத்துக்கு எத்தனை அறைன்னு கேட்டா, மூணுன்னு எழுதாம பத்துப் பேரும் நாலுன்னு எழுதி வச்சீங்க. ஒருத்தி தப்பு, பத்துப் பேருக்கும் ஒட்டிக்கிச்சு!”

“நீங்க வேற தலைக்கு மேல நின்னு எட்டி எட்டிப் பாத்தீங்க.”

“ஆமா, ஒண்ணு கேக்கணும்னு ரொம்ப வருசமா நினைக்கேன். அரையாண்டுல பெயிலான பிள்ளை நீ. பப்ளிக் பரீட்சைக்கு என்னை வேற ஸ்கூலுக்கு சூப்பர்விஷன் போட்டுட்டாங்க, உன் பக்கத்துலயே நான் இல்ல. எப்படிம்மா இருநூத்துக்கு நூத்தி எண்பத்தொண்ணு வாங்கினே?”

“பஜ்ஜி ஆறுது சார்” என்றாள் அவள்.

மறுநாள் காலை எட்டரைக்கே அவர் கதவருகே நின்றார். ரஹ்மத் வந்து பூட்டைத் திறந்தாள். குடுவையில் இருந்தது வெறும் தண்ணீர் போலத் தெளிவாக இருந்தது.

அவர் குனிந்து குடுவைக்குள் பார்த்தார். “ஒண்ணுமே இல்லையே மேடம்.”

“கட்டியும் இல்லையே சார்.”

சோதனைத் திரவத்தை எடுத்து வைத்தாள். நொதி வேலை செய்தால் அது மஞ்சளாகும். அவர் குடுவையிலிருந்து கொஞ்சம் எடுத்து அதில் விட்டார். ஒரு நிமிடம் ஒன்றும் இல்லை. இரண்டாவது நிமிடம் அடியில் லேசாக நிறம் கண்டது. ஐந்தாவது நிமிடத்தில் குழாய் முழுக்க மஞ்சள்.

“வந்துட்டு! வந்துட்டும்மா!” என்று அவர் போட்ட சத்தத்தில் பக்கத்து ஆய்வகத்துக்காரர்கள் ஓடி வந்தார்கள். வெள்ளிக்கிழமை பயம் போன இடம் தெரியவில்லை. குழாயை ஒவ்வொருவர் முகத்துக்கு நேராகவும் காட்டிவிட்டுத் திரும்பி வந்தார்.

“அதே கட்டி, அதே சங்கிலி. நாம இங்க யாருமே இல்ல, அறையும் பூட்டிக் கிடந்துச்சு. இப்படித்தான் மடியணும்னு அதுக்கு யாரும்மா சொல்லிக் கொடுத்தா?”

ரஹ்மத் குளிர் அறைச் சாவியை அவர் கையில் வைத்தாள்.

“அது சங்கிலிக்குள்ளேயே இருந்துச்சு சார். எங்களுக்கும் நீங்க நடத்தினது அத்தனையும் உள்ளதான் இருந்துச்சு. பப்ளிக் பரீட்சையில எங்களை பெஞ்சுக்கு ஒருத்தரா உட்கார வச்சாங்க.”