தாளிப்புக்குப் பொருள்

மருதங்குறிச்சி ஜமீன்தார் அகராதி எழுதினார். தனக்குத் தெரியாத சொல்லே இல்லை என்று அவருக்கு எண்ணம். 'தாளிப்பு' வந்ததும் பேனா நின்றுவிட்டது. சமையற்காரி காத்தாயியைக் கூப்பிட்டார்.

"தாளிப்புன்னா என்ன?"

"எண்ணெய் காய வச்சுக் கடுகு போடுறதுங்க."

"அது செய்யுற விதம். சொல் எங்கே பிறந்தது, என்ன பொருள்? நாளைக்கு மத்தியானம் நான் சாப்பிட உட்காரும்போது சொல்லணும். இல்லேன்னா வேலையை விட்டுப் போயிடு."

மறுநாள் காத்தாயி பேசாமல் இலை போட்டுச் சோறும் குழம்பும் பரிமாறினாள். குழம்பில் கடுகும் இல்லை, கறிவேப்பிலையும் இல்லை. அந்தப் பக்கத்தில் சாவு விழுந்த வீட்டில்தான் தாளிக்க மாட்டார்கள்.

ஜமீன்தார் சோற்றில் வைக்கப்போன கையை இழுத்துக்கொண்டார். அவருடைய ஒரே மகன் விடியலில் குதிரையேறி வெளியூர் போயிருந்தான்.

"காத்தாயி, யாரு? என் பிள்ளையா?"

"சின்ன எசமான் இப்பத்தான் வந்து கால் கழுவுறாருங்க. வீட்டுல எல்லாரும் நல்லா இருக்காங்க. தாளிப்புக்கு அதுதானுங்க பொருள். சொல் எங்கே பிறந்துச்சோ, எனக்குத் தெரியாது."

ஜமீன்தார், "போய்த் தாளிம்மா" என்றார்.

அடுக்களையில் கடுகு வெடிக்கிற சத்தம் கேட்ட பிறகுதான் சோற்றில் கை வைத்தார்.