வாய் திறக்காத பரீட்சை

முன்பொரு நாட்டில் நாற்பது பள்ளிக்கூடங்களுக்கு மானியம் கொடுத்துவந்த ஒரு மகாராஜாவுக்கு, பிள்ளைகள் என்னதான் படிக்கிறார்கள் என்று பார்க்கத் திடீரென்று ஆசை வந்தது.

மானிய அதிகாரி நாகமாணிக்கம் அவரை ஒரு பள்ளிக்கு அழைத்துப் போனார். சட்டாம்பிள்ளை அடியெடுத்துக் கொடுக்க, அறுபது பிள்ளைகளும் ஒரே குரலில் ஒப்பித்தார்கள். மகாராஜா சொக்கிப்போனார். அரசவை விகடகவி வேடியப்பன் மட்டும் மசியவில்லை. அவன் மகள் தையல்நாயகியும் அங்கேதான் படித்தாள். நூறு பாட்டுச் சொல்வாள். தன் பெயரை எழுதிக் காட்டினால் திருதிருவென்று முழிப்பாள்.

"பிரபு, வாசிக்கத் தெரிகிறதா என்றும் பார்க்கலாமே" என்றான்.

நாகமாணிக்கத்துக்குச் சுருக்கென்றது. "இவர் கேள்வி கேட்டால் பிள்ளைகள் மிரளுவார்கள், பிரபு. வாய் திறக்காமல் பரீட்சிக்கட்டும். ஒரு வார்த்தை பேசினாலும் நாட்டை விட்டுப் போகட்டும்."

மகாராஜாவுக்கு இந்த வேடிக்கை பிடித்துவிட்டது. "அப்படியே ஆகட்டும்!"

மறுநாள் மகாராஜா முன்னிலையில் வேடியப்பன் ஒரு கூடை அதிரசத்தைப் பிள்ளைகள் நடுவே வைத்து, அதில் ஓர் ஓலையைச் செருகினான். 'இதை வாசிப்பவர் ஆளுக்கொன்று எடுத்துக்கொள்ளலாம்' என்று அதில் எழுதியிருந்தது. பிள்ளைகள் ஓலையைப் பார்த்தார்கள், அதிரசத்தைப் பார்த்தார்கள், எச்சிலை விழுங்கினார்கள். மூன்று பேர் மட்டும் எழுந்து வந்து எடுத்துக்கொண்டார்கள். அவர்களுக்கு எப்போது அடி விழும் என்று மற்றவர்கள் காத்திருந்தார்கள், தையல்நாயகியும்தான்.

மகாராஜாவின் முகம் சிவந்தது. "மானியத்தை இன்றே நிறுத்துகிறேன்!"

பேசினால் நாடு போகும், பேசாவிட்டால் பள்ளி போகும். வேடியப்பன் ஓடிப்போய் அந்த மூவரின் விரல்களைப் பிடித்துக் காட்டினான். நுனியெல்லாம் மணல்.

"இது என்ன?" என்று மகாராஜா வாத்தியாரைக் கேட்டார்.

"உள்ளே இடமில்லாம வாசலோரம் உக்காருற பிள்ளைங்க, மகாராஜா. நான் சொல்லச் சொல்ல மணல்ல எழுதிப் பாத்துக்கிட்டே இருக்கும்."

மகாராஜா சற்று யோசித்தார். "அப்படியானால் எல்லாருக்கும் மணல் கொட்டுங்கள். மானியம் இருக்கட்டும். மூன்று மாதம் கழித்து வருகிறேன்."

சொன்னபடியே வந்தார். வேடியப்பன் இம்முறையும் பேசவில்லை. ஓர் ஓலையை மட்டும் தொங்கவிட்டான். தையல்நாயகி விரலால் தொட்டுத் தொட்டு எழுத்துக்கூட்டி, முதல் ஆளாக எழுந்தாள். வேடியப்பனுக்குக் கண் கலங்கிவிட்டது. அடுத்த நொடி அறுபது பிள்ளைகளும் நாகமாணிக்கத்தின் மேல் பாய்ந்தார்கள். அவர் ஆசனத்தோடு குப்புற விழுந்தார். 'அதிரசக் கூடை அதிகாரியின் ஆசனத்துக்கு அடியில் இருக்கிறது' என்றது ஓலை.

மகாராஜா வயிறு குலுங்கச் சிரித்து, தன் முத்துமாலையைக் கழற்றி வேடியப்பனுக்குப் போட்டார். "இனி வாயைத் திற. வேறென்ன வேண்டும்?"

"இன்னும் முப்பத்தொன்பது பள்ளிகள் இருக்கின்றன, பிரபு. அதிரசம் சுடச் சொல்லுங்கள். அதிகாரியையும் ஆசனத்தோடு வரச் சொல்லுங்கள்."