நீளக் குழலும் கனகராயர் பல்லக்கும்

முன்னொரு காலத்தில், முரசு கேட்டு எழுந்து முரசு கேட்டு உறங்கிய ஒரு நாட்டில், எதிலும் தானே பெரியவனாக இருக்க வேண்டும் என்று நினைத்த அரசர் ஒருவர் இருந்தார். பக்கத்து நாட்டு மன்னன் அவருக்கு ஒரு சாண் நீள மூங்கில் குழலைப் பரிசாக அனுப்பினான். ஊதினால் குயிலையே நாண வைக்கும் உச்சக் குரல். அரசருக்குப் பொறுக்கவில்லை.

"சாண் குழலுக்கே இவ்வளவு உச்சமா? நமக்கு இரண்டு ஆள் நீளத்தில் ஒன்று செய்யுங்கள். நீளத்துக்குத் தக்கபடி அது இன்னும் உச்சத்தில் பாடட்டும்!"

குழல் செய்யும் வேலாண்டி எவ்வளவோ மறுத்துப் பார்த்தான். யார் கேட்டார்கள்? செய்து கொண்டுவந்து ஊதினான். எருமை முனகியதுபோல ஒரு சத்தம் சபையை நிறைத்தது.

பிரதானி கனகராயர் துள்ளி எழுந்தார். "மகாராஜா! இது வேண்டுமென்றே செய்த அவமானம்!"

"இவனைக் கட்டிப்போடுங்கள்; பொழுது சாய்வதற்குள் இவன் கட்டைவிரல்களை வெட்டுங்கள்" என்றார் அரசர்.

விகடகவி அம்பலவனுக்கு உள்ளே பற்றி எரிந்தது. விரல் போனால் குழல்காரனிடம் என்ன மிஞ்சும்? ஒருவன் கை கட்டுண்டு மண்டியிட்டிருக்கிறான்; சுற்றிலும் பெரிய மனிதர்கள் வெற்றிலை மென்றுகொண்டிருக்கிறார்கள்!

"அரசே, மூங்கிலின் குணத்துக்கு மனிதன் விரலையா வெட்டுவது?"

கனகராயர் இளித்தார். "அவ்வளவு பரிவென்றால் அம்பலவனாரே அந்தக் குழலை உச்சத்தில் பாட வைக்கட்டும். முடியாவிட்டால் அவர் விரல்களும் சேர்ந்து போகட்டும்."

"அப்படியே ஆகட்டும்" என்றார் அரசர்.

"சரி. உச்சக் குரல் என்றால் குழலுக்குள் காற்று வேகமாகத் துடிக்க வேண்டும். நீளமும் குறையக் கூடாது, துடிப்பும் குறையக் கூடாது. அதுதானே கட்டளை? மூங்கில் கேட்கும் கட்டளையைக் கால்களும் கேட்கும். முதலில் காலில் பார்த்துவிடுவோம். பிரதானியார் பல்லக்கு முற்றத்துக்கு வரட்டும்!" என்றான் அம்பலவன்.

கனகராயர் மிடுக்காக ஏறி அமர்ந்தார். முன்னால் தூக்கியவர்கள் நெட்டை, பின்னால் தூக்கியவர்கள் குட்டை. வழக்கமாக நெட்டையர்கள் காலடியைச் சுருக்கிக்கொள்வார்கள். அதனால்தான் பல்லக்கு குலுங்காமல் போகும்.

"முன்னால் இருப்பவர்களே, இன்று அடியைச் சுருக்காதீர்கள். காலை முழு நீளத்துக்கு வீசுங்கள். பின்னால் இருப்பவர்கள் எத்தனை தடவை கால் வைக்கிறார்களோ, அத்தனை தடவை நீங்களும் வையுங்கள். அரசர் கட்டளை!"

"சாமி, தோளைப் பிடுங்கிட்டுப் போயிருமே!" என்றான் ஒரு குட்டையன்.

"போகட்டும். நட!" என்று மேலிருந்து அதட்டினார் கனகராயர்.

பல்லக்கு கிளம்பியது. நெட்டையர்கள் பாய்ந்தார்கள்.

"யோவ், நில்லுய்யா! நில்லு!" என்று கத்தினான் பின்னால் தூக்கியவன்.

பின்தோள்களிலிருந்து பல்லக்குத் தண்டு உருவிக்கொண்டது. பல்லக்கின் பின்பக்கம் தரையில் இடிக்க, கனகராயர் வழுக்கிப் புழுதியில் விழுந்தார். தலைப்பாகை தனியே உருண்டது.

அரசர் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தார்.

அம்பலவன் சிரிக்கவில்லை. "அரசே, மலைக்கோயில் விழாவில் கொம்பும் குழலும் சேர்ந்து ஒலித்தால், தூரத்தில் நிற்கும் உங்கள் காதுக்கு எது முதலில் வருகிறது?"

"இரண்டும் ஒன்றாகத்தான் வருகின்றன."

"ஆக, எல்லா ஓசைக்கும் நடைவேகம் ஒன்றே. நீளமாக அடி வைப்பது குறைந்த தடவைதான் கால் வைக்கும். குட்டையாக அடி வைப்பது அடிக்கடி வைக்கும். நீளக் குழலின் ஓசைக்கு அடி நீளம். அதனால் துடிப்பு குறைவு, குரல் தாழ்வு. இரண்டையும் சேர்த்துக் கேட்டால் பிரதானியார் கதிதான். இதில் வேலாண்டி செய்த குற்றம் என்ன?"

"ஒன்றுமில்லை! விடுதலை!" கண்ணீர் வரச் சிரித்த அரசர், தம் முத்துமாலையைக் கழற்றி அம்பலவன் கழுத்தில் போட்டார்.

"மாலை இருக்கட்டும். கட்டச் சொன்னது நீங்கள். அவிழ்ப்பதும் உங்கள் கையாக இருக்கட்டும்."

அரசரின் சிரிப்பு நின்றது. மெல்ல இறங்கி வந்து வேலாண்டியின் அருகே குனிந்தார். முடிச்சு நன்றாக இறுகியிருந்தது. அரசர் வெகுநேரம் திணறினார்.

அம்பலவன் உதவிக்குப் போகவில்லை.