ஒருத்திக்குச் சமையல்

"நான் சொல்லிக்குடுத்ததெல்லாம் வீணாப் போச்சுங்க, டீச்சர்."

பஸ்ஸை விட்டு இறங்கி நேராக வந்த செங்கமலம், படலைத் திறந்ததும் இதைத்தான் சொன்னாள்.

ஞானப்பூ டீச்சர் மிளகாய்ச் செடிகளுக்குத் தண்ணீர் ஊற்றிக்கொண்டிருந்தார். நிமிர்ந்து பார்த்தார்.

யாருமில்லாத பெண்பிள்ளைகள் வளரும் விடுதி ஒன்று கோபிச்செட்டிபாளையம் பக்கம் இருக்கிறது. பதினெட்டு வயது முடிந்தால் அங்கிருந்து வெளியே போயாக வேண்டும். அதற்குள் கைவேலை ஏதாவது பழகிக்கொள்ளட்டும் என்று டீச்சர்தான் அங்கே வகுப்புகளைத் தொடங்கினார். தையல், சுவிட்ச் மாட்டுவது, சமையல்.

செங்கமலமும் அங்கே வளர்ந்தவள்தான். வெளியே போகாமல் அங்கேயே தங்கிவிட்டாள். டீச்சர் ஓய்வு பெற்று இந்த வீட்டுக்குத் தனியாக வந்தபிறகு சமையல் வகுப்பை அவள்தான் நடத்துகிறாள்.

"யாரு?" என்றார் டீச்சர்.

"பவதாரணிங்க. திருப்பூர்ல பனியன் கம்பெனியில சேர்ந்தாளே, அவ. நேத்து மிஷின் மேலயே மயங்கி விழுந்துட்டாளாம். கூட வேலை செய்யற பொண்ணு ஃபோன் பண்ணுச்சு. எந்நேரமும் டீயும் பன்னுந்தானாம்."

"சமைக்கத் தெரியாதா?"

"என்னங்க இப்படிக் கேக்கறீங்க! ஆயுத பூஜைக்கு மொத்த விடுதிக்கும் அவ ஒருத்தியே நின்னு சாம்பார் வெச்சா. அவ அளவுக்குக் கைப்பக்குவம் வேற எவளுக்கும் வரலை."

"அடுப்பு இல்லையா?"

"அடுப்பு இருக்குது, அரிசி இருக்குது, எல்லாம் இருக்குதுங்க. கேட்டா, 'பிடிக்கலைக்கா'ங்கறா. அவ்வளவுதான் பேசறா. சோம்பேறித்தனம், டீச்சர். இனிமே வகுப்பு எடுக்கறதா இல்லை. சொல்லிட்டுப் போகலாம்னுதான் வந்தேன்."

டீச்சர் குடத்தைக் கீழே வைத்தார்.

"நீ சாப்பிட்டயா?"

"இல்லீங்க."

"உள்ள போய் ஆக்கிச் சாப்பிடு."

"உங்களுக்கும் சேர்த்து ஆக்கறனுங்க."

"எனக்கு வேண்டாம், கண்ணு. வெளிய வேலை கிடக்குது."

செங்கமலம் உள்ளே போனதும் டீச்சர் வெளியே நின்றபடி கதவைச் சாத்தினார்.

செங்கமலம் விடுதிக் கைக்கணக்கில் அரிசியும் பருப்பும் சேர்த்து ஒரு பானை நிறைய அரிசிம்பருப்பு ஆக்கினாள். சின்ன வெங்காயத்தை வதக்கும்போதே வாசம் தூக்கியது. தட்டில் போட்டு நெய் விட்டாள். உட்கார்ந்தாள்.

ஒரு வாய் வைத்தாள். ருசியாகத்தான் இருந்தது.

வலது பக்கம் திரும்பிப் பார்த்தாள். சுவர். இடது பக்கம் தண்ணீர்ச் சொம்பு.

விடுதியில் அவள் சாப்பிட உட்கார்ந்தால் யாராவது ஒருத்தி தோளில் இடிப்பாள். யாராவது ஒருத்தி அவள் தட்டிலிருந்து அப்பளத்தை எடுப்பாள். 'சத்தம் போடாமச் சாப்பிடுங்கடி' என்று அவள் அதட்டாத நாளே கிடையாது.

இங்கே தான் மெல்லுகிற சத்தம் அவளுக்கே கேட்டது.

இரண்டாவது வாய்க்கு எடுத்ததைத் தட்டிலேயே போட்டாள். தட்டை மூடிவைத்துவிட்டு வெளியே வந்தாள்.

"சாப்பிட்டயா?"

"இல்லீங்க டீச்சர்."

"வேகலையா?"

"வெந்துச்சு."

"உப்பு?"

"சரியாத்தான் இருந்துச்சு."

டீச்சர் காய்ந்த இலைகளைக் கிள்ளிப் போட்டுக்கொண்டிருந்தார். செங்கமலம் அவர் கையையே பார்த்தாள். மெலிந்திருந்தது.

"நீங்க தினமும் இப்படித் தனியாத்தான் சாப்பிடறீங்களா, டீச்சர்?"

"முதல் வருசம் சாப்பிடலை."

"எங்ககிட்ட ஒரு வார்த்தை சொல்லலையே."

"திருப்பூர் பஸ் வர்ற நேரம்," என்றார் டீச்சர். "கிளம்பு."

திருப்பூரில் பவதாரணியின் அறை, வரிசையாகக் கட்டிய ஒற்றை அறைகளில் கடைசி. கதவைத் திறந்தவள் செங்கமலத்தைப் பார்த்ததும் தலையைக் குனிந்துகொண்டாள். கன்னம் ஒட்டியிருந்தது. மூலையில் கேஸ் அடுப்பு, வாங்கிய நாளில் சுற்றியிருந்த பிளாஸ்டிக் தாள் பிரிக்கப்படாமல் இருந்தது.

"திட்ட வந்தீங்களாக்கா?"

"இல்லை."

"திரும்பக் கூட்டிட்டுப் போகவா? பதினெட்டு ஆயிருச்சே, சேர்க்க மாட்டாங்களே."

"அதுக்கும் இல்லை. எனக்குப் பசிக்குதுடி. காலையில இருந்து ஒண்ணும் சாப்பிடலை. ஏதாவது ஆக்கிப் போடு."

பவதாரணி அவளையே பார்த்தாள். பிறகு அடுப்பின் பிளாஸ்டிக் தாளைக் கிழித்தாள். அரிசிப் பையை அவிழ்த்தாள். உள்ளே கையை விட்டவள் அப்படியே நின்றுவிட்டாள்.

"அக்கா… ரெண்டு பேருக்கு எவ்வளவு அரிசி போடணும்?"

செங்கமலம் எழுந்து அவள் பக்கத்தில் போய் நின்றாள்.

"எனக்கும் தெரியாது, கண்ணு."